பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையில் காலநிலைக் கணக்கு: முதல்முறை தயாரிப்பவருக்கு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் கம்பெனி செயலாளர் அழைத்து, "இந்த வருட பி.ஆர்.எஸ்.ஆர். உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிடுவார். அன்று மாலையே பலரும் செய்வது, அதே தொழிலில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்தின் பழைய அறிக்கையை இறக்கிப் பெயரை மாற்றி எழுதத் தொடங்குவது. முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். ஜூலையில் சரிபார்க்க வந்தவர் டீசல் எண்ணைக் காட்டி "இதற்கு ரசீது எங்கே?" என்று கேட்டார். நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்த என்னிடம் ஒரு தாள்கூட இல்லை.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கேட்கும் இந்த வணிகப் பொறுப்பு மற்றும் நீடித்தன்மை அறிக்கை (பி.ஆர்.எஸ்.ஆர்.) பெயரில்தான் அறிக்கை. உள்ளே இருப்பது கணக்கு. எழுதுவது கடைசிப் பத்து நாள் வேலை. அதற்கு முன் வரவேண்டிய படிகளை, வரவேண்டிய வரிசையில் தந்திருக்கிறேன். காலநிலை சார்ந்த பகுதிகள் மட்டுமே இதில் உண்டு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு மின் இணைப்புக்கும் 12 மாத பில்கள். டீசல், ஃபர்னஸ் ஆயில், கேஸ், நிலக்கரி, விறகு ஆகியவற்றின் ஸ்டோர் பதிவேடு, ஏப்ரல் 1, மார்ச் 31 இரு நாள்களின் இருப்போடு. ஏ.சி., சில்லர் பராமரிப்பு பில்கள். காற்றாலை, சூரிய மின் கணக்கு அறிக்கைகள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சென்ற ஆண்டு அனுப்பிய படிவங்கள். சென்ற ஆண்டின் இயக்குநர் குழு அறிக்கை. சொந்தக் கட்டடம், வாடகைக் கட்டடம், குத்தகை நிலம் என எல்லா இடங்களின் பட்டியல்.

கடைசியாகச் சொன்ன பட்டியல்தான் பெரும்பாலும் யாரிடமும் முழுமையாக இருக்காது. அதைக் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். எந்தக் கிடங்கை மறந்தாலும் காப்பீடு செய்தவர் மறந்திருக்க மாட்டார்.

1. சட்டம் உங்களை எந்த வரிசையில் வைத்திருக்கிறது என்று பாருங்கள்

சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் இந்த அறிக்கை கட்டாயம். செபியின் பட்டியல் விதிமுறைகளில் 34-ஆவது விதி இதை ஆண்டறிக்கையின் பகுதியாக்குகிறது.

இதற்குள் "கோர்" என்றொரு சிறு தொகுப்பு இருக்கிறது. பசுமை இல்ல வாயு, நீர், ஆற்றல், கழிவு உள்ளிட்ட 9 தலைப்புகள். இவற்றின் எண்களை வெளியார் ஒருவர் சரிபார்த்துச் சான்று தரவேண்டும். முதல் 150 நிறுவனங்களுக்கு 2023-24, 250-க்கு 2024-25, 500-க்கு 2025-26, 1000-க்கு 2026-27 என்று படிப்படியாக இது வருகிறது.

வரிசை எண் முன்பு மார்ச் 31 சந்தை மதிப்பைக் கொண்டு கணக்கிடப்பட்டது. இப்போது ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரையிலான சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. எனவே ஜனவரியிலேயே உங்கள் இடம் தெரிந்துவிடும். அப்போதே வேலையைத் தொடங்கினால் மார்ச் 31 அன்று டீசல் தொட்டியை அளந்து குறித்துக்கொள்ளலாம். ஜூனில் தொடங்கினால் அந்த அளவு இனி எந்தக் காலத்திலும் கிடைக்காது.

ஒரு வருடம் பட்டியலில் இருந்து இறங்கிவிட்டால் விடுதலை என்று நினைப்பது பரவலான தவறு. தொடர்ந்து 3 ஆண்டுகள் வெளியே இருந்தால்தான் கடமை நீங்கும்.

2. எல்லையை எழுதி முடித்த பிறகே எண்ணைத் தொடுங்கள்

அறிக்கை நிறுவனத்தை மட்டும் குறிக்கிறதா, துணை நிறுவனங்களையும் சேர்த்தா என்று 'அ' பிரிவிலேயே கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நீங்கள் தரும் பதில் பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணையும் கட்டிப்போடும். தனி நிறுவனம் என்று சொல்லிவிட்டு, ஒரு ரூபாய் வருமானத்துக்கு எவ்வளவு மாசு என்ற விகிதத்தைக் கணக்கிடும்போது, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த விற்றுமுதலால் வகுத்த அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். மாசு பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும். கணக்குப் படித்த எவரும் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடுவார்.

இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். எந்தெந்த இடங்கள் உள்ளே, எவை வெளியே, ஏன். நாம் நடத்துகிறோமா என்பதே அளவுகோல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான சிக்கல் தீரும். நம் வளாகத்தில் ஒப்பந்ததாரர் நடத்தும் கேன்டீன், வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர், ஆண்டின் நடுவில் விற்ற ஆலை ஆகிய மூன்றும் எப்போதும் தகராறு தருபவை. இவற்றுக்குத் தனித்தனியாக ஒரு வரி எழுதி, நிதி அதிகாரியின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். மறு ஆண்டு ஆள் மாறினாலும் எல்லை மாறக்கூடாது.

3. ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு பெயர்கள்

ஒருவர் எண்ணைத் தருபவர்; மற்றவர் பார்ப்பவர். பொறியாளர் மின் யூனிட் தந்தால், கணக்குப் பிரிவில் ஒருவர் கட்டிய பில்லோடு ஒத்துப்பார்க்க வேண்டும். இருவரும் ஒரே துறையில் இருந்தால் பயன் இல்லை.

இந்த வேலைக்கெனப் புதுக் குழு அமைக்கச் சிலர் துடிப்பார்கள். தேவையில்லை. முதல் 1000 நிறுவனங்களுக்கு இடர் மேலாண்மைக் குழு ஏற்கெனவே கட்டாயம்; நீடித்தன்மை சார்ந்த இடர்களைப் பார்ப்பது அதன் கடமைகளில் ஒன்று என்று விதியே சொல்கிறது. குழு ஆண்டுக்கு 2 முறையாவது கூடவேண்டும். முதல் கூட்டத்திலேயே எல்லைக் குறிப்பையும் பெயர்ப் பட்டியலையும் வைத்துப் பதிவு செய்யுங்கள். 'ஆ' பிரிவில் யார் பொறுப்பு, எந்தக் குழு மேற்பார்வை என்ற கேள்விகள் வரும்போது அந்தக் கூட்டக் குறிப்புதான் உங்கள் சான்று. ஆகஸ்டில் பின்தேதியிட்டுக் குறிப்பு எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்குத் துணை போகாதீர்கள்.

4. ஸ்கோப் 1: நம் வளாகத்தில் எரிந்ததும் கசிந்ததும்

எரிந்த எரிபொருளில் வாங்கியதைக் கணக்கிடாதீர்கள், செலவானதைக் கணக்கிடுங்கள். தொடக்க இருப்பு, கூட்டல் கொள்முதல், கழித்தல் இறுதி இருப்பு. மார்ச் கடைசி வாரத்தில் ஒரு டேங்கர் வந்து இறங்கியிருந்தால் வித்தியாசம் பெரிதாக இருக்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு. ஆயிரம் லிட்டருக்கு 2.7 டன்.

வாகனங்களில் நிறுவனம் ஓட்டுபவை மட்டும் இங்கே. தொழிலாளரை ஏற்றிவர ஒப்பந்தத்தில் ஓடும் பேருந்துகள் பொதுவாக ஸ்கோப் 3-க்குப் போகும்; நம் தொழிலுக்காகப் பிறர் வெளியிடும் மாசு அது. எல்லைக் குறிப்பில் இதை எழுதியிருந்தால் விவாதம் வராது.

விறகு பாய்லர் உள்ள சாயப்பட்டறை, நூற்பாலை நண்பர்கள் கவனிக்க: விறகு எரிவதால் வரும் கரியமில வாயுவை ஸ்கோப் 1-இல் சேர்ப்பதில்லை, தனியாகக் காட்டவேண்டும். ஆனால் அதே விறகிலிருந்து வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1-இல் உண்டு. "விறகு இயற்கை, எனவே பூஜ்யம்" என்று எழுதினால் தவறு. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டாலும் தவறு.

கசிவுதான் பலர் கோட்டைவிடும் இடம். ஏ.சி. மெக்கானிக் வந்து "கேஸ் டாப் அப்" என்று பில் எழுதிவிட்டுப் போவார். எத்தனை கிலோ என்று இருக்காது. சில்லரில் ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் வாயு 10 கிலோ கசிந்தால், அதன் வெப்பமூட்டும் திறன் (கரியமில வாயுவைப்போல் எத்தனை மடங்கு என்பது) 1300 என்று கொண்டால், 13 டன் கரியமில வாயுவுக்குச் சமம் ஆகிறது. அது 4,800 லிட்டர் டீசல் எரித்ததற்குச் சமம். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வாயுவின் பெயரும் கிலோவும் இல்லாத பில்லுக்குப் பணம் இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கள் மெக்கானிக் முதலில் முனகினார். அடுத்த மாதத்திலிருந்து எடை மெஷினோடு வந்தார்.

பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-22 வேறு வகை. ஓசோன் ஒப்பந்தத்தின் கீழ் வருவதால் அதை ஸ்கோப் 1-இல் சேர்க்காமல் தனியாகக் காட்டுவதே முறை.

வெப்பமூட்டும் திறன் எண்களை ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் எந்த மதிப்பீட்டு அறிக்கையிலிருந்து எடுத்தீர்கள் என்று குறித்துவையுங்கள். மேலே சொன்ன 1300 ஐந்தாவது அறிக்கையினுடையது; நான்காவதில் அது 1430. இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டு அட்டவணை பயன்படுத்தினால், ஒன்றும் செய்யாமலேயே மாசு குறைந்ததாக வரும்.

5. ஸ்கோப் 2: மின்சாரமும் காற்றாலையும்

வெளியிலிருந்து வாங்கிய மின்சாரம் இது. கிரிட்டின், அதாவது பொது மின் கட்டமைப்பின், சராசரி மாசு அளவை மத்திய மின்சார ஆணையம் வெளியிடுகிறது. 2023-24-க்கான எண், ஆயிரம் யூனிட்டுக்கு 0.727 டன். நீங்கள் அறிக்கை தயாரிக்கும் மே, ஜூன் மாதத்தில் அந்த ஆண்டுக்கான எண் பெரும்பாலும் வந்திருக்காது. கடைசியாக வெளிவந்ததைப் பயன்படுத்தி, பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள். இணையத்தில் எங்கோ கிடைத்த 0.82-ஐ இன்னும் சிலர் போடுகிறார்கள். அது பழைய எண்.

தமிழ்நாட்டு ஆலைகளில் காற்றாலை இல்லாத இடம் குறைவு, தடுமாற்றமும் அங்கேதான். ஓர் ஆலை வருடத்துக்கு 1 கோடி யூனிட் செலவழிக்கிறது என்று வையுங்கள். அதில் 60 லட்சம் யூனிட் சொந்தக் காற்றாலையிலிருந்து வீலிங் வழியாக, அதாவது மின்வாரியத்தின் கம்பிகளில், வந்து பில்லில் கழிக்கப்பட்டிருக்கிறது. மீதி 40 லட்சம் மின்வாரியத்திடம் வாங்கியது. ஒப்பந்த அடிப்படையில் கணக்கிட்டால் 40 லட்சத்துக்கு 2,908 டன். இருக்கும் இடத்தின் கிரிட் அடிப்படையில் கணக்கிட்டால் 1 கோடிக்கும் சேர்த்து 7,270 டன். இரண்டும் முறைதான். படிவத்தில் ஒரு வரிசைதான் இருக்கிறது என்பதால் ஒன்றை அங்கே எழுதி, எந்த முறை என்பதையும் மற்ற எண்ணையும் அடிக்குறிப்பில் தாருங்கள். சென்ற ஆண்டு ஒரு முறை, இந்த ஆண்டு மற்றொன்று என்று தாவக்கூடாது.

இங்கே நான் பார்த்த தவறுகள் நான்கு. காற்றாலை மீட்டரில் உற்பத்தியான யூனிட்டை அப்படியே கழிப்பது முதலாவது. வழியில் இழப்பு உண்டு. பில்லில் சரிக்கட்டப்பட்ட யூனிட் மட்டுமே உங்கள் செலவு. பேங்கிங்கில், அதாவது பின்னால் எடுத்துக்கொள்ள மின்வாரியத்திடம் கணக்கில் விட்டுவைத்து, இன்னும் பயன்படுத்தாத யூனிட்டைச் சேர்ப்பது இரண்டாவது. மூன்றாவது சட்டச் சிக்கலிலேயே விடும்: அந்தக் காற்று மின்சாரத்துக்கான புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழை விற்றுப் பணம் வாங்கிவிட்டு, பசுமை மின்சாரம் பயன்படுத்தினோம் என்றும் எழுதுவது. சான்றிதழை வாங்கியவருக்கே அந்த உரிமை. ஒரே பசுவை இரண்டு சந்தையில் விற்க முடியாது. நிதிப் பிரிவில் சான்றிதழ் விற்ற வருமானம் எதுவும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

நான்காவது சின்னது. உயர் அழுத்த பில்லில் கே.வி.ஏ.எச். என்ற எண்ணும் இருக்கும். அதை யூனிட் என்று எடுத்துவிடுவார்கள். யூனிட் என்பது கிலோவாட் மணி (கே.டபிள்யூ.எச்.) மட்டுமே.

6. ஆற்றலும் விகிதங்களும்

மொத்த ஆற்றலை ஜூலில் கேட்கிறார்கள். ஒரு யூனிட் 3.6 மெகா ஜூல். 40 லட்சம் யூனிட் 14,400 கிகா ஜூல். மெகாவுக்கும் கிகாவுக்கும் இடையே வழுக்கி ஆயிரம் மடங்கு தவறிய அறிக்கைகள் அச்சில் வந்திருக்கின்றன. கூரையில் உள்ள சூரிய மின்சாரம் மின்வாரிய பில்லில் வராது என்பதால் மொத்த ஆற்றலில் விடுபட்டுவிடும். அதன் மீட்டரைத் தனியாகப் படித்து, கிரிட்டுக்கு ஏற்றுமதியானதைக் கழித்து, மீதியைச் சேருங்கள்.

விகிதத்துக்கு வகுக்கும் எண் லாப நட்டக் கணக்கில் உள்ள செயல்பாட்டு வருமானமாக இருக்கவேண்டும். வாங்கும் திறனுக்கு ஏற்பச் சரிசெய்த விகிதமும் கேட்கிறார்கள். அதற்குப் பன்னாட்டு நாணய நிதியம் இந்தியாவுக்கு வெளியிடும் வாங்கும் திறன் எண்ணை எடுக்கவேண்டும். வங்கியின் டாலர் விலையைப் போடக்கூடாது. வருமானத்தை அந்த எண்ணால் வகுத்தால் விகிதம் பெரிதாகும். சிறிதாக வந்தால் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

7. ஸ்கோப் 3: முதல் ஆண்டில் அவசரப்படாதீர்கள்

இது கட்டாயக் கேள்வி அல்ல, முன்னோடிகளுக்கான பகுதி. 15 வகைகளில் உங்களிடம் ஆவணம் உள்ள இரண்டு மூன்றை மட்டும் தாருங்கள், மற்றவை கணக்கிடப்படவில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். முழு எண்போலக் காட்டும் அரைகுறை எண்ணைவிட அது மதிப்பானது.

கோயம்புத்தூர் வார்ப்பாலை, ஓசூர் உதிரிபாகத் தயாரிப்பாளர் போன்ற, பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லாத நிறுவனங்களுக்கும் கேள்வித்தாள் வரத் தொடங்கியிருக்கிறது. காரணம் இதுதான். முதல் 250 நிறுவனங்கள் தங்கள் கொள்முதலிலோ விற்பனையிலோ தலா 2 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கூட்டாளிகளின் விவரத்தை, மொத்தத்தில் 75 சதவீதம் வரை, தரலாம் என்று செபி வகுத்திருக்கிறது. 2025-26 முதல் இது விருப்பத்தின் பேரில். பெரிய வாடிக்கையாளர் கேட்டால் மறுப்பது கடினம் என்பதால், சிறு நிறுவனமானாலும் 4, 5 ஆகிய படிகளை இப்போதே செய்துவைப்பது நல்லது.

8. இடர் பற்றிய கேள்வியைக் கணக்கோடு பொருத்துங்கள்

'அ' பிரிவின் கடைசியில் முக்கியப் பிரச்சினைகள், அவை இடரா வாய்ப்பா, பணத்தில் என்ன விளைவு என்ற அட்டவணை வரும். "காலநிலை மாற்றம் உலகளாவிய சவால்" என்று தொடங்கும் பத்தியை இங்கே போடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்தது. அங்கே ஆலை உள்ளவர் எழுதவேண்டியது எத்தனை நாள் உற்பத்தி நின்றது, காப்பீட்டில் எவ்வளவு வந்தது, ஜெனரேட்டரை மேடேற்ற எவ்வளவு செலவானது என்பதுதான். ஐரோப்பாவுக்கு இரும்பு, அலுமினியப் பொருள் அனுப்புபவருக்கு 2026 ஜனவரி 1 முதல் அந்நாடுகளின் எல்லைக் கார்பன் வரி நடைமுறைக்கு வந்துவிட்டது. அது நேரடி இடர்.

எழுதியதை நிதி அறிக்கை தயாரிப்பவரிடம் காட்டுங்கள். இங்கே "பெரும் நிதி விளைவு" என்று சொல்லிவிட்டு நிதி அறிக்கையின் குறிப்புகளில் ஒரு சொல்கூட இல்லையென்றால், இரண்டில் ஒன்று பொய் என்று ஆகிவிடும்.

9. வேறு இடங்களில் கொடுத்த எண்களோடு ஒத்துப்பாருங்கள்

நிறுவனம் ஒன்றுதான்; அது அரசிடம் பல வாயால் பேசுகிறது. கம்பெனிகள் சட்டம் 134-ஆவது பிரிவின்படி இயக்குநர் குழு அறிக்கையில் ஆற்றல் சேமிப்பு விவரம் உண்டு. அபாயக் கழிவுக்கு ஜூன் 30-க்குள் படிவம் 4, சுற்றுச்சூழல் அறிக்கையாகச் செப்டம்பர் 30-க்குள் படிவம் 5 ஆகியவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகின்றன. இவற்றை வெவ்வேறு ஆள்கள், வெவ்வேறு மாதத்தில், வெவ்வேறு தாளைப் பார்த்து நிரப்புகிறார்கள். ஒருமுறை ஒரே ஆலையின் எண்ணெய்க் கழிவுக்கு மூன்று எண்கள் எனக்குக் கிடைத்தன. மூன்றிலும் கையெழுத்து ஒருவருடையது.

ஒரு ஒப்பீட்டுத் தாள் போடுங்கள். வேறுபாடு இருந்தால் காரணம் எழுதுங்கள். எல்லா வேறுபாடும் தவறல்ல: அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதத் துறை ஆலைகளுக்கு 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மாசு இலக்கு விதிகளில் எல்லை ஆலையின் கதவோடு முடிகிறது. உங்கள் அறிக்கை முழு நிறுவனத்துக்கானது. அந்த எண்ணை இங்கே ஒட்டாதீர்கள்.

10. சரிபார்ப்பவரை எண் தயாராகும் முன்பே அழையுங்கள்

ஜூலையில் அழைத்தால் தவறைக் கண்டுபிடிப்பார். பிப்ரவரியில் அழைத்தால் தவறு நடக்காமல் தடுப்பார். எல்லைக் குறிப்பையும் மாதிரிக்கு ஒரு மாதக் கணக்கையும் முன்கூட்டியே காட்டுங்கள். ஆனால் அவரிடமே கணக்குப் போட்டுத் தரும்படி கேட்கக்கூடாது. ஆலோசனை சொன்னவரே சான்று தருவதைச் செபி ஏற்பதில்லை. அவர் சார்ந்த குழுமத்தின் வேறு நிறுவனம் உங்களுக்கு ஆலோசனை விற்றிருந்தாலும் சிக்கல்தான். ஒப்பந்தம் போடும் முன் கணக்குப் பிரிவில் அந்தக் குழுமத்தின் பெயரில் வேறு பில் வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

தொழில் அமைப்புகள் சேர்ந்து வகுத்த கோர் தரநிலைகளைச் செபி 2024 டிசம்பரில் ஏற்றது. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்ற சண்டையில் அதுவே தீர்ப்பு. மேசையில் அச்சடித்து வையுங்கள்.

11. இயக்குநர் குழு, பதிவேற்றம், விளம்பரம்

செப்டம்பர் 30-க்குள் பொதுக்கூட்டம் என்றால் ஆண்டறிக்கை 21 முழு நாள்களுக்கு முன் பங்குதாரர் கையில் இருக்கவேண்டும். அச்சு, எக்ஸ்.பி.ஆர்.எல். கோப்பு (கணினி படிக்கும் வடிவில் பதிவேற்றும் அறிக்கை) இரண்டுக்கும் நாள் ஒதுக்கினால், குழுவின் ஒப்புதல் ஆகஸ்ட் முதல் வாரத்தைத் தாண்டக்கூடாது. பி.டி.எஃப்.பில் உள்ள எண்ணும் எக்ஸ்.பி.ஆர்.எல். கோப்பில் உள்ள எண்ணும் ஒன்றா என்று வேறொருவரை வைத்து வாசிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். லட்சம், கோடி மாறுவது இந்தக் கட்டத்தில்தான்.

இயக்குநர்களுக்கு அறிக்கையோடு ஒப்பீட்டுத் தாளையும் அனுப்புங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் மனத்தில் வைத்து நல்லெண்ணத்தோடு செயல்படுவது கம்பெனிகள் சட்டம் 166-ஆவது பிரிவின்படி அவர்களுடைய கடமை. என்ன பார்த்து ஒப்புதல் தந்தார்கள் என்பது பதிவில் இருந்தால் அவர்களுக்கும் பாதுகாப்பு.

விளம்பரப் பிரிவையும் ஒருமுறை பாருங்கள். ஆதாரமில்லாத பசுமை விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. தெளிவான செயல்திட்டம் இல்லாமல் எதிர்கால இலக்கை விளம்பரப்படுத்துவதும் அதில் அடங்கும். அறிக்கையில் இலக்கு எதுவும் இல்லாமல், பொருளின் அட்டைப்பெட்டியில் மட்டும் கார்பன் பூஜ்யம் என்று அச்சிட்டிருந்தால் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள்.

பதிவேற்றியதும் கணக்குத் தாள், பில்கள், எல்லைக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே தொகுப்பில் பூட்டி, நகலைக் கம்பெனி செயலாளரிடம் கொடுங்கள். இந்த ஆண்டு எண்ணில் பிழை இருந்தது பிறகு தெரிந்தால், அடுத்த ஆண்டு அறிக்கையில் திருத்திய எண்ணையும் காரணத்தையும் சேர்த்துப் போடவேண்டும், சத்தமில்லாமல் மாற்றக்கூடாது. காலண்டரில் அடுத்த மார்ச் 31-ஐத் திறந்து, டீசல் தொட்டியை அளக்கவேண்டியவரின் பெயரை இப்போதே எழுதிவிடுங்கள்.